நீலம் பூசிய ஒழுங்கை

மகளுக்கு நிறப் பென்சில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது கொண்டு போகலாம் என்று வாங்கியதைச் செவ்வாய்க்கிழமையே பிரித்துவிட்டேன். வேலை நாட்களில் குருநாகலில் ஓர் அறை எடுத்துத் தனியாகக் கிடக்கிற மனிதனுக்குப் பின்னேரம் எவ்வளவு நீளமானது என்று உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைத் திறந்ததும் மரத்தூளும் மெழுகும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. நீலத்தை எடுத்துச் சீவினேன். கடையிலேயே கூராக்கித்தான் தருகிறார்கள், சீவத் தேவையே இல்லை. ஆனாலும் என் கை சும்மா இருக்காது.

நீலம் என்றால் மற்றவர்களுக்குக் கடல் ஞாபகம் வரும். எனக்கு அக்கா முறையான ஜெமீலா ராத்தாவின் வீடு ஞாபகம் வரும். அந்த வீடு நீல நிறம் இல்லை. அதற்குப் பெயின்ற் அடித்ததே கிடையாது. படத்தில் அதை நீலமாக்கியவன் நான். அது என் உத்தியோகம்.

யுத்தம் முடிந்து வந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, புத்தளத்தில் காணிப் பயன்பாட்டுத் திட்டம் போடுகிற ஓர் அலுவலகத்தில். பெயர் பெரிது, வேலை எளிது. எந்த நிலம் எதற்கு ஏற்றது என்று நேரில் போய்ப் பார்ப்பது, பிறகு வந்து நிலப்படத்தில் நிறம் தீட்டுவது. சண்டை நடந்த காலத்தில் இந்தக் கரையோரக் காணிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டை முடிந்ததும் எல்லோருக்கும் காணி வேண்டியிருந்தது. கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல் கட்ட வந்தார்கள். மின்சாரக் காற்றாடி நட வந்தார்கள். கைவிட்டுப் போன இறால் பண்ணைகளை என்ன செய்வது என்று கேட்டு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். நல்ல திட்டம். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் அலுவலகத்தில் கணினி இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர் கொழும்பில் இருந்தார். ஆகவே கையால்தான் நிறம். குடியிருக்க ஏற்ற மேட்டு மணலுக்கு மஞ்சள். தென்னைக்குப் பச்சை. உமிரிப் பூண்டைத் தவிர வேறொன்றும் முளைக்காத உப்புத் தரவைக்குச் சாம்பல். மழைத் தண்ணீர் வந்து நிற்கிற பள்ளத்துக்கு நீலம். நீலத்தில் யாரும் குடியிருக்க முடியாது, அது தண்ணீருக்கென்று விட்ட இடம். பென்சில் தீர்ந்து விரலில் பிடிபடாத கட்டையாகும் வரை தீட்டுவோம். அந்த வாசம் சட்டையில் ஏறிவிடும். என் உம்மா தொலைபேசியில், "என்ன மகன் வேல பாக்கிற?" என்று கேட்டபோது, "நிறம் தீட்டுறன் உம்மா" என்றேன். "படிச்சது போதாதெண்டு திரும்பவும் பாலர் வகுப்பில விட்டுட்டாங்களா?" என்றா.

மண்ணைப் பார்க்க ஒரு திருகுக் கம்பி உண்டு. ஆளுயரம் இருக்கும். நிலத்தில் குத்தித் திருகிக்கொண்டே இறக்கினால் அடியில் இருக்கிற மண் அதன் வாயில் கவ்விக்கொண்டு வரும். முதல் நாள் நான் திருகிய திருகில் கம்பி இறங்கவில்லை, நான்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். பொறுப்பதிகாரி, நாங்கள் 'சேர்' என்று மட்டும் சொல்லுகிற மனிதர், நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குருநாகல்காரர். சிங்களம் கலந்த தமிழில் மெதுவாகக் கதைப்பார். "மல்லி, மண்ணோட சண்ட போட வேணாம்" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அன்று பின்னேரம் கைகள் இரண்டும் கொப்பளித்துக் கரண்டி பிடிக்க ஏலாமல் போயிற்று.

இப்படி ஊர் ஊராகத் திருகிக்கொண்டு போன நாங்கள் ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தோம்.

நான் வளர்ந்தது முகாமில். பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகிற வீதியில், களப்பு என்கிற உப்பங்கழிப் பக்கமாக இறங்கினால் வரும். முகாம் என்று சொல்வது பழக்கத்தில்தான், கிடுகுக் குடில்கள் எப்போதோ கல்வீடுகளாகி விட்டன. வடக்கில் மன்னார்ப் பக்கத்தில் எங்கள் ஊர். யுத்த காலத்தில் எங்களை வெளியேறச் சொல்ல, அந்த ஊரை விட்டு ஊரோடு வெளிக்கிட்டு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். முதலில் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் படுத்தோம். பிறகு, நல்ல கோடையில், களப்போரத்தில் ஒரு அரச காணியைக் காட்டி இங்கே இருங்கள் என்றார்கள்.

கோடையில் அந்தக் காணியைப் பார்த்தால் ஒரே மட்டமாகத்தான் தெரியும். வெள்ளை மணல், அங்கங்கே எருக்கு, ஒரு பக்கம் கோரைப்புல் காய்ந்து கிடக்கும். எங்கள் ஆட்கள் மண்ணையும் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை. என் வாப்பா உட்பட நாலைந்து பேர் குந்தியிருந்து, மணலில் தடியால் எங்கள் ஊரைக் கீறினார்கள். இது பள்ளிவாசல். இது பள்ளியடி ஒழுங்கை. இது குளத்தடி ஒழுங்கை. இந்த வீட்டுக்குப் பக்கத்தில் இந்த வீடு. யாருக்கு யார் அயல் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கீறிய கோட்டிலேயே கம்பு நட்டுக் குடில் போட்டார்கள். ஊரை இழந்து வந்தவர்கள், அயலையாவது தவற விடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஊரில் குளத்தடி ஒழுங்கைக்காரர்கள் கொஞ்சம் பெரிய இடம். குளத்துக்குக் கீழே வயல், வாசலில் குளிர் காற்று, வருடம் முழுவதும் கிணற்றில் தண்ணீர். இங்கே அவர்களின் ஒழுங்கை விழுந்தது கோரைப்புல் பக்கம். மாரி வந்தது. மேட்டில் பெய்த தண்ணீரெல்லாம் வழிந்து அந்தப் பக்கமாகப் போய், களப்பும் பொங்கி எதிரே வர, குளத்தடி ஒழுங்கை குளமாகவே நின்றது. "அவங்களுக்குக் குளமில்லாம ஏலாது, கூடவே கூட்டிக்கொண்டு வந்துட்டாங்க" என்று பள்ளியடி ஆட்கள் பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணிக்கொண்டே இறங்கிப் போய் அவர்களின் பாயையும் பானையையும் தூக்கி வந்தார்கள்.

வீடுகளை மாற்றிக் கட்டுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார்கள். குளத்தடியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டில் ஒரு மாரிவீடு. மழை இறங்கினால் நேரே அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கேட்கவும் தேவையில்லை, கூப்பிடவும் தேவையில்லை. ஜெமீலா ராத்தாவின் வீட்டாருக்கு எங்கள் வீடு மாரிவீடு.

அந்த இரவுகளைப் பற்றி எனக்கு எழுத விருப்பம், ஆனால் எழுதினால் நிறுத்த மாட்டேன். ஈரப் பாயின் வாசம், மண்ணெண்ணெய் விளக்கு, உம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற கஞ்சி. நோன்பு காலத்தில் மட்டும் காய்ச்சுவதை மழைக்கும் காய்ச்சுவா. ஜெமீலா ராத்தாவும் அவவின் தங்கச்சி ஸீனத்தும் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு விடியும் வரை குசுகுசுப்பார்கள். ஜெமீலா ராத்தாவுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயதிருக்கும். வந்தவுடன் என் தலையைப் பிடித்து மடியில் அமர்த்திப் பேன் பார்ப்பா. ஓடப் பார்த்தால் காதைத் திருகுவா. மழை வரவேண்டும் என்று துஆ கேட்கிற பிள்ளையாக நான் இருந்தேன், குளத்தடியில் சாமான் மிதக்கும் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மழை இரைந்து கொட்டத் தொடங்கினால் பள்ளியடி ஒழுங்கையில் வேலிக்கு வேலி ஒரு கேள்வி போகும். "ஆக்கள் வந்துட்டாங்களா?" மழை பலமா, கூரை ஒழுகுதா என்று எவரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஆக்கள் வந்துட்டாங்களா என்பதுதான் எங்கள் முகாமில் மழையின் பெயர். வந்துட்டாங்க என்று பதில் வந்தால் உம்மா அடுப்பை மூட்டுவா.

இருபது வருடத்துக்குக் கிட்ட இப்படியே நடந்தது. பிறகு யுத்தம் முடிந்தது.

ஊருக்குப் போகலாம் என்றார்கள். லொறி லொறியாகப் போனார்கள். கட்டில், அலுமாரி, கிணற்றுக் கப்பி, கோழிக் கூடு எல்லாம் லொறியில் ஏறின. என் வாப்பா முகாமிலேயே மௌத்தாகி விட்டார். உம்மா என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு அப்போதுதான் இந்த உத்தியோகம் கிடைத்திருந்தது. "நீ இரு மகன், வேலய விட வேணாம். வீட்டையும் பாத்தமாதிரி இருக்கும்" என்றா. நான் இருந்தேன். வீட்டைப் பார்த்தேன். பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

பூட்டிய வீடுகளுக்கு நடுவே இருந்து பார்த்திருக்கிறீர்களா? வேலையால் வந்து ஒழுங்கையில் திரும்பினால் முன்பெல்லாம் வெங்காயம் தாளிக்கிற வாசத்தை வைத்தே யார் வீடு என்று சொல்லி விடுவேன். இப்போது ஒழுங்கை மணக்கவில்லை. சோற்றை வடித்து, தேங்காய்ச் சம்பலோடு, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். சத்தம் வேண்டும் என்பதற்காக றேடியோவைப் போட்டு விட்டுக் கேட்காமல் இருப்பேன். பள்ளிவாசலில் மஃரிபுக்கு ஒரு வரிசைகூட நிறையாது. சில நாட்களில் நானே பாங்கு சொல்லி, நானே தொழுது, நானே விளக்கை நிறுத்தி விட்டு வந்திருக்கிறேன். என் பாங்கைக் கேட்டால் தொழ வருகிறவர்களும் ஓடி விடுவார்கள், அது வேறு கதை.

குளத்தடியில் ஊருக்குப் போனவர்கள் போக, தில்லையடிப் பக்கம் காணி வாங்கிப் போனவர்கள் போக, மிஞ்சியது ஜெமீலா ராத்தாவும் அவவின் மகள் ஸஹ்ராவும் மட்டும். புருசன் கத்தாருக்குப் போனவர், போனவர்தான். ராத்தா உப்பளத்தில் கூலி வேலை செய்தா. உள்ளங்கை வெடித்து, வெடிப்பில் உப்புப் பூத்திருக்கும். ஸீனத்தும் குடும்பமும் வலப்பக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், இடப்பக்கத்தில் இருந்த மாமியும் போய்விட்டா. இரண்டு பக்கமும் ஆளில்லாமல் நடுவில் ராத்தா. அவவுக்கும் போக ஆசைதான், போகத்தான் இடமில்லை. ஊரில் அவவுக்குச் சீதனமாகக் குறித்த வளவு இத்தனை வருடத்தில் மரம் மண்டி, வனத் திணைக்களத்தால் எல்லைக்கல் நடப்பட்டு, காடென்று பெயர் எழுதப்பட்டுக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் நானும் சேரும் திருகுக் கம்பியோடு ஒழுங்கையில் இறங்கினோம்.

பள்ளியடியில் குத்தினேன். கம்பி முழுவதும் இறங்கி, அடிவரைக்கும் மஞ்சள் மணல், உலர்ந்த மணல். அருமையான குடியிருப்பு நிலம். குளத்தடியில் குத்தினேன். முழங்கை ஆழத்திலேயே சாம்பல் நிறச் சேறு, சிப்பித் துண்டு, அழுகின முட்டை நாற்றம். களப்பு முன்னொரு காலத்தில் அதுவரை வந்து போன இடம். குத்தின துளையில் தண்ணீர் ஊறி மேலே வந்து எங்களைப் பார்த்தது. எனக்கு அது புதிதில்லை, மழைக்கு மழை அந்த ஒழுங்கையின் சாமான்களைத் தூக்கின வீட்டுப் பிள்ளை நான்.

ராத்தா வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "என்ன தம்பி, கிணறு வெட்டப் போறீங்களா?"

"இல்ல ராத்தா. படத்துக்கு."

"படத்தில என்ன போடுவாய்?"

"நீலம்."

"நீலமெண்டா?"

சொன்னேன். தண்ணீருக்கு விட்ட இடம், குடியிருக்கப் பேமிட், அதாவது அனுமதிப் பத்திரம், கிடையாது, பேமிட் இல்லாவிட்டால் கரண்டும் இல்லை, நாளைக்கு எழும்பு என்றால் எழும்பத்தான் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு கையில் இருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினா.

"ஊருக்குப் போனா, உன்ர வளவு காடெண்டு சொல்றாங்க. இங்க இருந்தா, தண்ணிப் பள்ளமெண்டு நீ சொல்றாய். அப்ப நான் எந்த நிறத்தில தம்பி இருக்கிற?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்காரனிடம் விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டா.

அன்று வாகனத்தில் திரும்பும்போது சேரிடம் கெஞ்சினேன். கிரவல் போட்டு நிரப்பி மஞ்சளாக்க ஏலாதா என்றேன். "நெரப்பினா தண்ணி எங்க போறது மல்லி? பள்ளிவாசலுக்குப் போகும். அடுத்த ஊருக்குப் போகும். தண்ணிக்கும் ஒரு எடம் வேணும்" என்றார். பிறகு, "மேட்டுல வீடெல்லாம் பூட்டித்தானே கெடக்கு. அந்தப் புள்ளய அங்க வரச் சொல்லுங்க. மழ முடியிறதுக்குள்ள படம் கொழும்புக்குப் போகும். அப்ப மஞ்சள்ல யார் இருக்காங்களோ அவங்க பேருக்குப் பேமிட்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆட்கள் போனதால் மேடு காலி, பள்ளத்தில் இருக்கிறவர் மேட்டுக்கு வந்தால் மண்ணும் மனிதரும் ஒத்துப் போகும். இருபது வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்யலாம்.

ராத்தா மாட்டேன் என்று விட்டா.

"ஆக்கள் இல்லாத நேரம் ஆக்கள்ட வீட்டுக்க பூந்து இருந்துட்டு, நாளைக்கு அவங்க வந்து வாசல்ல நிண்டா எந்த முகத்தோட முழிக்கிற? மழைக்குப் போறது வேற, தம்பி. மழை விட்டா இறங்கி வந்துடலாம்."

"அவங்க வர மாட்டாங்க ராத்தா. கிணத்துக் கப்பியையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்க."

"அது உனக்கெப்பிடித் தெரியும்?" என்றா. பிறகு, "ஸீனத்து வந்தா என்னை எங்க தேடுவா? இந்த வீட்டுக்கு அடுத்த வீடெண்டுதான் தேடுவா" என்றா.

இதற்கு மேல் என்ன கதைப்பது? அந்த மனுசி வீட்டைக் காக்கவில்லை, வரிசையைக் காத்துக்கொண்டிருந்தா. மணலில் தடியால் கீறின கோட்டை முகாமில் யாருமே இப்போது ஞாபகம் வைத்திருக்கவில்லை, அவவைத் தவிர. எனக்கு எரிச்சலாகவும் வந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்று எனக்குள் பொருமிக்கொண்டேன்.

மாரி வந்தது. ஒருநாள் அஸருக்குப் பிடித்த மழை மஃரிப் ஆகியும் விடவில்லை. நான் தனியே இருந்து கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படலையடியில் ஆள் நிற்பது தெரிந்தது. ராத்தா தலையில் சுருட்டின பாயோடு நின்றா, பாய்க்குக் கீழே ஸஹ்ரா நனையாமல் ஒட்டிக்கொண்டு நின்றாள். இருவருக்கும் முழங்கால் வரை சேறு.

உள்ளே வரவில்லை. வழக்கமாக நேரே வந்து பாயை விரிக்கிற வீடு. என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தா.

"உம்மா இல்லையே" என்றா.

உம்மா இல்லை, தங்கச்சி இல்லை. கலியாணம் ஆகாத ஆம்பிளை ஒருவன் தனியே இருக்கிற வீட்டில், புருசன் பக்கத்தில் இல்லாத பெண் எப்படித் தங்குவது? இந்த மடைத்தனத்தை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. மாரிவீடு என்பது கூரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மா அங்கே இருந்தபடியால்தான் அது மாரிவீடாக இருந்தது.

"நான் பள்ளிக்குப் போறன் ராத்தா. நீங்க உள்ள போங்க" என்று துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பள்ளிவாசலில் அன்று நானும் ஒரு பூனையும். பூனையும் என்னோடு ஒட்டவில்லை. பள்ளியின் ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒழுங்கையில் வேலிக்கு வேலி போகிற அந்தக் கேள்விக்காகக் காது காத்திருந்தது போலும். கேட்க யாருமில்லை. இத்தனை மாதத்தில் வராத அழுகை அன்று வந்தது. அழுதேன். பள்ளிவாசல்தானே, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

காலையில் வீட்டுக்குப் போனபோது அவர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். வீடு கூட்டியிருந்தது. அடுப்பில் மூடி வைத்த கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். ராத்தா வீட்டுக்குள் நின்று வாளியால் தண்ணீரை அள்ளி வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தா, வாசலில் ஊற்றினது திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அங்க மழையா மகன்?"

"ஓம் உம்மா. ராவு பூரா."

"ஆக்கள் வந்துட்டாங்களா?"

பழக்கத்தில் கேட்டு விட்டா. ஜெமீலா ராத்தாவும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள் என்றேன். மற்ற வீடுகளில் என்று கேட்டா. மற்ற வீடுகள் பூட்டு என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நீலம், மஞ்சள், பேமிட், ராத்தா படலையில் நின்ற நிலை, எல்லாம். கேட்டு முடித்து உம்மா சொன்னா.

"அந்த வீடு அவளுக்கு மாரிவீடுதானே மகன். கோடைக்கும் இருக்கட்டுமே. நீ ஒத்த ஆம்பிள, எங்கயும் படுத்தெழும்பலாம்."

பெரிய தியாகம் என்று நினைத்து விடாதீர்கள். அந்த வீட்டுக்கு என் பேரிலேயே பேமிட் எடுத்திருக்கலாம் என்பது உண்மைதான், சேரே சொன்னார். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துச் சோறு தின்ன எனக்கு இனி ஏலாது. யாராவது என்னை அங்கிருந்து எழுப்ப மாட்டார்களா என்று இருந்தேன்.

ராத்தாவிடம் போய்ச் சொன்னபோது, "உம்மா சொன்னாவா, நீயா சொல்றியா?" என்றா. போனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கோரைப்புல் பக்கமாகத் தண்ணீருக்குள் நடந்து போனா. என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. முக்காட்டால் முகத்தை இரண்டு தடவை துடைத்ததை மட்டும் கண்டேன். திரும்பி வந்து போனைத் தந்தா. "நீ எங்க தம்பி போவாய்?" என்று கேட்டா.

தில்லையடியில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தேன். ராத்தா மேட்டுக்கு ஏறினா. பழைய வீட்டின் கதவை மட்டும் பூட்டவில்லை. பூட்டினால் ஸீனத்து வந்து ஆளில்லை என்று நினைத்துப் போய்விடுவாளாம். அலுவலகத்தில் படம் என் மேசைக்கு வந்தது. பள்ளியடி ஒழுங்கைக்கு மஞ்சள் போட்டேன். குளத்தடி ஒழுங்கையைத் தொட்டபோது நீலப் பென்சில் கட்டையாகி இருந்தது, புதிதாக ஒன்றைச் சீவினேன். அழுத்தாமல் ஒரே திசையில் தீட்ட வேண்டும், அப்போதுதான் திட்டுத் திட்டாக வராது. சேர் எட்டிப் பார்த்து, "ஹொந்தய்" என்றார். நன்றாகத்தான் இருந்தது. மண்ணுக்கும் படத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் கிடையாது. மழை முடியுமுன் படம் கொழும்புக்குப் போயிற்று, ராத்தாவின் பெயருக்குப் பேமிட்டும் வந்தது.

அடுத்த மாரியில் ஒருநாள் நல்ல மழை. பின்னேரம் பஸ் ஏறி முகாமுக்குப் போனேன். ராத்தா முதல் தடவையாக நனையாமல் இருக்கிற மழை, பார்க்க வேண்டும் போல இருந்தது. பள்ளம் நிறைந்து வெள்ளமாக நின்றது, கொக்குகள் கரையில் நின்றன. பிழையில்லை, அது தண்ணீரின் இடம்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் தேங்காய்ப்பால் வாசம். அடுப்பில் உம்மாவின் பெரிய பானை. ஒரு ஒழுங்கைக்கே ஊற்றலாம், அவ்வளவு கஞ்சி. மூலையில் இரண்டு பாய் விரித்திருந்தது.

"யாருக்கு ராத்தா இவ்வளவு?"

பானையைக் கிண்டிக்கொண்டு நின்றவ திரும்பவில்லை. "தெரியல்ல தம்பி. மழையெண்டோண்ண கை தானாப் போட்டுட்டுது" என்றா. பிறகு, "நீ வந்தது நல்லம். மாரிக்கு ஒருத்தரும் வராத வீட்டில சும்மா எப்பிடி இருக்கிற?" என்றா. என்னை இருத்தி இரண்டு கோப்பை குடிக்க வைத்தா. மூன்றாவதையும் ஊற்றினா. பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்தவரை, பெரிய மழைக்கெல்லாம் நான்தான் அந்த வீட்டுக்கு மாரிக்குப் போகிற ஆள். தங்க ஏலாது, கஞ்சி குடித்து விட்டு இருட்டுமுன் வந்துவிடுவேன்.

பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது, கலியாணம் வந்தது, வேறு ஊர்களின் மண்ணைத் திருகப் போனேன். ஸீனத்து ஒரு முறை வந்தாளாம், நேரே பள்ளத்துக்குத்தான் போனாளாம், திறந்த கதவடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாளாம். ஸஹ்ரா கலியாணம் முடித்துக் கொழும்பில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள், ராத்தாவும் அவளோடு போய்விட்டா. மேட்டு வீடு பூட்டு. போன வருடம் அந்த வழியால் போனபோது இறங்கிப் பார்த்தேன். குளத்தடியில் வீடிருந்த அடையாளமே இல்லை, கோரை ஆளுயரத்துக்கு நிற்கிறது. மேட்டிலும் அநேகமாக ஆளில்லை. நல்ல மஞ்சள் நிலம், வந்து குடியேற ஆள்தான் இல்லை.

பென்சிலைச் சீவிக்கொண்டிருந்த நான் எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். ராத்தா உடனே பேசினா. சுகம் விசாரித்தோம். பின்னால் டீவிச் சத்தம்.

"இங்க மழை பெய்யிறதே கேக்கிறேல்ல தம்பி. யன்னலால எட்டிப் பாத்தாத்தான் தெரியும். உன்ர பக்கம் பெய்யுதா?"

"ஓம் ராத்தா. நல்லாக் கொட்டுது."

இங்கே கூரையில் விழுகிற மழையை அங்கே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாவோ என்னவோ.

"ஆக்கள் வந்துட்டாங்களா?" என்றா.

நான் அறையைப் பார்த்தேன். ஒற்றைக் கட்டில், ஒற்றைக் கதிரை, மேசையில் சீவிப் போட்ட நீலச் சுருள்.

"இன்னும் இல்ல ராத்தா" என்றேன்.